வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை: நியாயமாக வைக்க ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு ஆங்கிலப் பரீட்சை தயாரித்துக் கொடுத்தேன். பழைய சாதாரண தரப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, செயப்பாட்டு வினை, இடைவெளி நிரப்புதல், கடற்கரைப் பயணம் பற்றி ஒரு கட்டுரை என்று இரண்டு மணிநேர வினாத்தாள். புதிதாக விண்ணப்பித்தவர்களோடு, பதவி உயர்வுக்குக் காத்திருந்த பழைய ஊழியர்களும் எழுதினார்கள். பதினொரு வருடமாகச் சாப்பாட்டு அறையில் நிற்கிற ஒரு அண்ணன், விருந்தினர்கள் பெயர் சொல்லித் தேடி வருகிற ஆள், 100க்கு 31 எடுத்தார். 84 எடுத்த தம்பியை வரவேற்பு மேசையில் இருத்தினார்கள். முதல் வாரமே ஒரு விருந்தினர் சுடுதண்ணீர் வரவில்லை என்று போனில் கத்த, தம்பி ரிசீவரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த அண்ணனைத் தேடித்தான் ஓடினான்.

பிழை வினாத்தாளைத் தயாரித்த என்னில்தான். அதற்குப் பிறகு படித்ததையும் பட்டதையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விருந்தினர் விடுதியோ, தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸோ, ஹட்டன் டவுனில் ஒரு கடையோ, ஆங்கிலம் பார்த்து ஆளெடுக்கிற எவருக்கும் உதவும். எழுதப் போகிறவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் உண்டு.

எங்கே பிழை வருகிறது?

பரீட்சைத் துறையில் ஏற்புடைமை என்று ஒரு சொல் இருக்கிறது. வினாத்தாள் நல்லதா கெட்டதா என்பதல்ல அதன் பொருள். அந்தப் புள்ளியை வைத்து நாம் எடுக்கிற முடிவு தாங்குமா என்பதுதான். 1989இல் சாமுவேல் மெசிக் என்ற அமெரிக்க அளவீட்டு அறிஞர் இதை விரிவாக எழுதினார். ஏற்புடைமை கெடுவதற்கு அவர் இரண்டு வழிகளைச் சொல்கிறார். வேலைக்குத் தேவையானது பரீட்சையில் விடுபடுவது ஒன்று. வேலைக்குச் சம்பந்தமில்லாதது உள்ளே நுழைவது மற்றது. என் வினாத்தாளில் போன் பேச்சு விடுபட்டது, கடற்கரை நுழைந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கடலைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு அது ஆங்கிலப் பரீட்சை அல்ல, ஊர் சுற்றிய பரீட்சை.

விடுபட்டது என்ன, நுழைந்தது என்ன? இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வேலையைப் போய்ப் பாருங்கள்

ஒரு கொப்பியோடு இரண்டு நாள் அந்த வேலைக்குப் பக்கத்தில் இருங்கள். யாரோடு எந்த மொழியில் பேசுகிறார், எதை வாசிக்கிறார், என்ன எழுதுகிறார், பிழை விட்டால் என்ன ஆகும் என்று குறியுங்கள். முகாமையாளரிடம் கேட்டால் போதாது. "எல்லாமே இங்கிலீஷ்தான்" என்பார். பார்த்தால் வேறு கதை.

தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கிளாக்கராக இருப்பவரை எடுங்கள். நாள் முழுவதும் அவர் பேசுவது தமிழும் சிங்களமும். ஆனால் கொழும்பு ஏலத்துக்குப் போன தேயிலை பற்றித் தரகர் அனுப்பும் அறிக்கை ஆங்கிலத்தில் வரும். அதில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். என்று ரகங்கள், பக்கத்தில் பிரைட், கொப்பரி, பேக்கி என்று ருசி பார்த்தவரின் குறிப்புகள். பேக்கி என்றால் உலர்த்தும்போது சூடு மிஞ்சிவிட்டது என்று தெரிந்தால்தான் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சரியான நேரத்தில் சொல்ல முடியும். இந்தப் பொருளில் இந்தச் சொற்களைப் பள்ளிப் புத்தகத்தில் காண்பது அரிது. தொழிற்சாலையில் வளர்ந்தவருக்கு அத்துப்படி. ஆகவே இந்த வேலைக்குத் தேவையானது அறிக்கை வாசிப்பும், சிறிய மின்னஞ்சலும், எண்களும். சரளமான பேச்சு அல்ல.

வரவேற்பு மேசை நேர் எதிர். அங்கே காதும் வாயும்தான் முக்கியம். ஆனால் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி உள்ளூர் ஆட்கள், அவர்களோடு பேச ஆங்கிலம்தான் வேண்டும் என்றில்லை. எல்லவில் ஒரு சிறிய விடுதி என்றால் நிலைமை வேறு, ஜெர்மன்காரரும் சீனரும் இந்தியரும் அவரவர் ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்பவருக்கு? பார்த்துவிட்டு, ஆங்கிலப் பரீட்சையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் நல்ல முடிவுதான். வந்த விண்ணப்பங்களைக் குறைப்பதற்காகவே சில இடங்களில் ஆங்கிலம் கேட்கிறார்கள். இருநூறு பேரில் இருபது பேரைப் பிரிக்க அது சுலபமான சல்லடை. ஆனால் கையில் தங்குவது வேலைக்கேற்ற இருபது பேர் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

படி 2: எவ்வளவு ஆங்கிலம் என்று எழுதி வையுங்கள்

விளம்பரங்களில் "சிறந்த ஆங்கில அறிவு" என்று போடுவதை நிறுத்துங்கள். அதை அளக்கவே முடியாது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் தொடக்க நிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் "இவரால் இதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்களால் ஆனது. அந்தப் பழக்கத்தை மட்டும் கடன் வாங்குங்கள். "அறை பற்றிய முறைப்பாட்டைப் போனில் கேட்டு, புரியாவிட்டால் மீண்டும் கேட்டு, அறை இலக்கத்தையும் பிரச்சினையையும் சரியாகக் குறிக்க முடியும்." இப்படி ஐந்தாறு வாக்கியங்கள் போதும்.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அறை சுத்தம் செய்பவருக்குப் பேச்சில் ஏ2 போதுமாக இருக்கலாம், எழுத்தே தேவைப்படாமலிருக்கலாம். நான்குக்கும் ஒரே மட்டத்தைப் போட்டு, வேண்டாத எழுத்தில் ஒருவரை விழுத்துவதுதான் நான் அதிகம் கண்ட அநியாயம்.

படி 3: வாங்குவதா, செய்வதா

ஐஈஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலப் பரீட்சையைக் கேட்கலாமே என்பார்கள். நல்ல பரீட்சைதான். ஆனால் அதன் கல்விப் பிரிவு பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்களுக்காகச் செய்தது. வரைபடத்தைப் பார்த்து விவரித்து எழுதச் சொல்லும். எந்த வரவேற்பாளர் வரைபடம் விவரிக்கிறார்? டோயிக் என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சை வேலையிடத்தை மனதில் வைத்ததுதான். ஆனால் பலரும் எழுதும் அதன் கேட்டல், வாசித்தல் தாளில் 10 முதல் 990 வரை புள்ளி கிடைத்தாலும், அந்த ஆள் வாய் திறந்து பேசுவாரா என்று தெரியாது. அதன் பேச்சும் எழுத்தும் தனிப் பரீட்சை. வேலைக்கென்று செய்த பரீட்சை எப்படி இருக்கும் என்று பார்க்க ஓஈடியைப் பாருங்கள். மருத்துவத் துறையினருக்கானது. தாதியர் வந்தால் நோயாளியோடு பேசுவதுபோல் நடிக்க வைத்துத்தான் புள்ளி.

செலவும் இருக்கிறது. வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணத்தோடு கண்டிக்கோ கொழும்புக்கோ போய்வருகிற செலவையும் கூட்டினால், மாதச் சம்பளம் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கவே மாட்டான். பரீட்சைக்கு முன்பே நடக்கிற வடிகட்டல் இது. சிறிய நிறுவனத்துக்கு நாமே செய்வதுதான் சரி.

படி 4: வினாவை வேலையிலிருந்தே எடுங்கள்

கொப்பியில் குறித்தவைதான் வினாக்கள். பெயரையும் இலக்கத்தையும் மாற்றிவிடுங்கள். வரவேற்பு மேசைக்கு நான் இப்போது வைப்பவற்றில் சில:

— போனில் அறை முன்பதிவு. எழுத்துக் கூட்டிச் சொல்லும் பெயர், திகதி, ஆட்கள் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.
— சுடுதண்ணீர் வரவில்லை என்று கோபமாக ஒருவர். அவரைச் சமாளிக்க வேண்டும்.
— நானுஓயாவிலிருந்து எல்லவுக்குப் போகிற ரயில் பிந்திவிட்டது. விருந்தினருக்கு விளக்கி, வேறு வழி சொல்ல வேண்டும்.
— விருந்தினரின் மின்னஞ்சலை வாசித்து மூன்று வரியில் பதில்.

அப்புறம், நுழையக்கூடாதவை. சிங்களப் பந்தியைக் கொடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லும் வினாத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைக்கு அது முதலில் சிங்களப் பரீட்சை, மிச்சம்தான் ஆங்கிலம். தமிழில் கொடுத்தால் சிங்களப் பிள்ளைக்கு அதே அநியாயம். மொழிபெயர்ப்பு அந்த வேலையில் உண்மையிலேயே இருந்தால் அதைத் தனிப் பரீட்சையாக, அந்தப் பெயரிலேயே வையுங்கள். ஆங்கிலத்தை மட்டும் அளக்க வேண்டுமானால் அறிவுறுத்தல்களை இரண்டு மொழியிலும் அச்சடியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று விளங்காமல் ஒருவர் விழக்கூடாது.

கணினியில் எழுதச் சொன்னால் தட்டச்சு நுழையும். கட்டுரைக்குக் கையெழுத்து நுழையும். கேட்டல் ஒலிப்பதிவில் லண்டன் குரல் மட்டும் இருந்தால் வேலை விடுபடும், ஏனென்றால் வருகிற விருந்தினர் எல்லோரும் லண்டனிலிருந்து வருவதில்லை. இரண்டு மூன்று விதமான உச்சரிப்புகளைச் சேருங்கள்.

படி 5: பேச்சுக்குப் புள்ளி போடுவது

இங்கேதான் அதிகம் நிதானம் வேண்டும். இந்த நாட்டில் ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள், என்று சிங்களத்தில் சொல்வார்கள். காரணமில்லாமல் இல்லை. ஓகாரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் 'நொட் பொட் ஆங்கிலம்' என்று ஒரு சிரிப்பு. நம் பிள்ளை 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்றால் நேர்முகப் பரீட்சைக் குழுவில் ஒரு பார்வை. தமிழில் சொல் இரண்டு மெய்யொலிகளோடு தொடங்குவதில்லை, ஆகவே முன்னால் ஒரு இகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். கேட்கிற எந்த விருந்தினருக்கும் அது ஸ்டேஷன் என்று விளங்கும்.

முரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் என்ற கனடா ஆய்வாளர்கள் 1995இல் காட்டியது இதைத்தான். பேச்சில் அந்நிய உச்சரிப்பு பலமாகத் தெரிந்தாலும் கேட்பவருக்கு முழுதாக விளங்கலாம். உச்சரிப்பு வேறு, விளங்குவது வேறு. ஆகவே விளங்குவதற்குப் புள்ளி போடுங்கள். உச்சரிப்பால் அர்த்தம் மாறுகிற இடங்களை மட்டும் கவனியுங்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் ஆங்கிலத்தில் கடைசிப் பகுதியின் ஒலியும் அழுத்தமும்தான் வித்தியாசம். அறைக் கட்டணம் சொல்லும்போது அது கலந்தால் சண்டை வரும். அதற்குப் புள்ளியைக் குறையுங்கள், இஸ்கூலுக்கு வேண்டாம்.

நடைமுறையில்: நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. காரியம் முடிந்ததா, விளங்கியதா, புரியாதபோது திருப்பிக் கேட்டாரா, மரியாதை இருந்ததா. 4 என்றால் என்ன, 2 என்றால் என்ன என்று ஒவ்வொரு வரி எழுதி வையுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போடட்டும், போட்டு முடிக்கும்வரை பேசிக்கொள்ளக்கூடாது. ஒரே தலைப்பில் இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால் ஒலிப்பதிவை மூன்றாவது ஆள் கேட்கட்டும். அதற்காகவே பதிவு செய்யுங்கள், விண்ணப்பதாரருக்குச் சொல்லிவிட்டு.

எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. "எந்தத் தோட்டம்?", "அப்பா என்ன வேலை?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டுத் தொடங்குவதை விடுங்கள். பதிலைக் கேட்ட பிறகு காது நேராக இராது. நான் தோட்டத்தில் பிறந்தவன்தான், என் காதும் இராது.

படி 6: முதலில் உங்கள் ஆட்களுக்கே வையுங்கள்

பலரும் இதைத் தாவிவிடுகிறார்கள். ஏற்கனவே அந்த வேலையை நன்றாகச் செய்கிற ஐந்தாறு பேரை எழுத வையுங்கள். சம்பளத்துக்கோ பதவிக்கோ இது போகாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு. அவர்கள் விழுந்தால் திருத்த வேண்டியது வினாத்தாளை. அந்தப் பதினொரு வருட அண்ணனுக்கு முதலில் கொடுத்துப் பார்த்திருந்தால் எனக்கு ஒரே நாளில் புத்தி வந்திருக்கும்.

ஒவ்வொரு வினாவாகவும் பாருங்கள். எல்லோரும் சரியாகச் செய்தது எதையும் பிரித்துக் காட்டாது. கெட்டிக்காரர் பிழைவிட்டு மற்றவர் சரியாகச் செய்த வினாவில் ஏதோ கோளாறு, பெரும்பாலும் இரண்டு விடை சரியாக இருக்கும்.

படி 7: சித்திப் புள்ளி எங்கிருந்து வருகிறது?

50 என்று போடுவது பள்ளிக்கூடப் பழக்கம். அங்கோஃப் முறை என்று ஒன்று 1971 முதல் அறியப்பட்டது, சிறிய இடத்திலும் செய்யலாம். வேலை தெரிந்த ஐந்து பேரை உட்கார வையுங்கள். "மட்டுமட்டாக இந்த வேலைக்குப் போதுமான பத்துப் பேரை நினையுங்கள். இந்த வினாவை அதில் எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள்?" ஏழு பேர் என்றால் 0.7. இருபது வினாவுக்கும் கூட்டினால் ஒருவரின் கணக்கு. ஐந்து பேருடையது 12.4, 13.0, 11.8, 12.6, 12.2 என்று வந்தால் சராசரி 12.4. சித்திப் புள்ளி 20க்கு 12. ஏன் 12 என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது.

இன்னொன்று. எந்தப் பரீட்சைப் புள்ளியும் மில்லிமீற்றர் கணக்கில் துல்லியமானது அல்ல. நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு; நம்பகக் குணகம் என்பது மறுபடி வைத்தாலும் அதே மாதிரிப் புள்ளி வருமா என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண். புள்ளிகளின் நியம விலகலை, 1இலிருந்து நம்பகக் குணகத்தைக் கழித்து வருவதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அளவீட்டுப் பிழை கிடைக்கும். நியம விலகல் 10, நம்பகம் 0.84 என்றால் பிழை 4. அப்படியானால் 60 சித்தி என்கிற இடத்தில் 58 எடுத்தவரும் 62 எடுத்தவரும் உண்மையில் வேறு வேறு ஆட்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. எல்லைக்கு அருகில் நிற்பவர்களை இன்னொரு நாள் கூப்பிட்டு இன்னொரு உரையாடல் வையுங்கள்.

படி 8: பரீட்சை நாள்

காலை எட்டு மணி என்று போட்டால் டவுனில் இருப்பவர் நடந்து வருவார். தோட்டத்தின் மேல் டிவிஷனில், அதாவது மலை உச்சிப் பக்கம், இருப்பவர் விடியுமுன் எழும்பி, ரோட்டுக்கு இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பத்தரைக்கு வையுங்கள்.

தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் தகரக் கூரைக்கு அடியில் கேட்டல் பரீட்சை வைக்காதீர்கள். வைத்தேன். மழை பிடித்த பிறகு ஒலிப்பதிவில் என்ன சொல்கிறது என்று எனக்கே கேட்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் முழுப்பேரும் குறைந்த புள்ளி. ரத்துச் செய்து மறுபடி வைத்தோம். காது மந்தமானவர், கண்பார்வை குறைந்தவர் முன்கூட்டியே சொல்ல விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி விடுங்கள். மாதிரி வினாக்களை இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஆள் தெரிந்தவருக்கு மட்டும் போகும்.

படி 9: யார் விழுந்தார்கள் என்று எண்ணுங்கள்

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் ஆளெடுப்பு வழிகாட்டு நெறிகளில் ஐந்தில் நான்கு விதி உண்டு. ஒரு பிரிவினரின் தெரிவு வீதம், அதிகம் தெரிவாகும் பிரிவினரின் வீதத்தில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். அங்கே அதை இனம், பால் என்று பார்க்கிறார்கள். நமக்கு அது சட்டம் அல்ல, ஆனால் மணி அடிக்க உதவும். டவுன் பள்ளிகளில் படித்த 40 பேரில் 20 பேர் சித்தி, அதாவது 50 சதவீதம். தோட்டப் பள்ளிகளில் படித்த 20 பேரில் 6 பேர், 30 சதவீதம். 30ஐ 50ஆல் வகுத்தால் 0.6. மணி அடிக்கிறது.

அடித்தவுடன் பரீட்சை அநியாயம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தோட்டப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் தட்டுப்பாடு பழைய கதை, ஆங்கில அறிவிலேயே வித்தியாசம் இருக்கலாம். எந்த வினாக்களில் அந்த வித்தியாசம் வந்தது என்று பாருங்கள். சுடுதண்ணீர் உரையாடலில் இரு பக்கமும் சமம், மின்னஞ்சலில் மட்டும் தோட்டப் பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்றால், மின்னஞ்சல் முதல் நாளே தேவையா, மூன்று மாதத்தில் பழக்கிக் கொடுக்க முடியாதா என்று கேளுங்கள். ஆட்தொகை சிறிதாக இருந்தால் ஒரே ஆள் கணக்கைப் புரட்டிவிடுவார், இரண்டு மூன்று தடவைப் புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை மொழி, சாதி, பிறப்பிடம் உள்ளிட்ட காரணங்களால் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அரசாங்கத் தொழிலுக்கு ஒரு மொழியறிவைத் தகைமையாகக் கேட்கலாம் என்றும் அதே உறுப்புரை அனுமதிக்கிறது. ஆனால் அந்த அறிவு கடமையைச் செய்ய நியாயமான அளவு அவசியமானதாக இருக்க வேண்டும், அதைப் பெற நியாயமான காலமும் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இது அரசின் நடவடிக்கைகளுக்கு எதிரான வழி, தனியார் ஹோட்டலுக்கு நேரடியாகப் பொருந்தாது. சர்வதேச தொழில் அமைப்பின் 111 ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. சமூகத் தோற்றத்தால் வேலையில் பாரபட்சம் கூடாது, வேலைக்கு உள்ளார்ந்து தேவையானதைக் கேட்பது பாரபட்சம் அல்ல என்கிறது அது. தனியார் நிறுவனங்களும் 12(2)இல் உள்ள அந்த இரண்டு நிபந்தனைகளையும் தாங்களாகவே எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பரீட்சை வைக்கிற எல்லா நேர்முகக் குழுவிலும் அந்த வரியை அச்சடித்து மேசையில் வைக்கலாம் என்பது என் ஆசை.

எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு

விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்: பேச்சா, எழுத்தா, எவ்வளவு நேரம், மாதிரி வினா உண்டா? கேட்டதற்காக யாரும் கோபித்தால் அந்த இடத்தைப் பற்றி அதுவே ஒரு தகவல். உரையாடலில் விளங்காவிட்டால் மௌனமாக இருக்காதீர்கள், திருப்பிச் சொல்லும்படி ஆங்கிலத்திலேயே கேளுங்கள். நல்ல பரீட்சையில் அதற்கே புள்ளி உண்டு. விழுந்தால் எந்தப் பகுதியில் என்று எழுத்தில் கேளுங்கள். நடத்துபவர்கள் விடைத்தாளையும் ஒலிப்பதிவையும் ஆறு மாதமாவது பூட்டி வைத்திருந்தால் அந்தப் பதிலைக் கொடுப்பது கஷ்டமில்லை.

இதை வாசிக்கிற முகாமையாளர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை பாக்கி. காலையில் எழுதிவிட்டுப் போகிறவரும் பின்னேரம் எழுத வருகிறவரும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொள்வார்கள். வினாக்கள் அவர்களோடு பஸ் ஏறும். ஆகவே ஒரே மட்டத்தில் இரண்டு தொகுதி தயாரியுங்கள். காலையில் சுடுதண்ணீர் வராத அறை என்றால், பின்னேரம் ஹீட்டர் வேலை செய்யாத அறை.